வீடியோவில் இல்லாதது: கல்லூரி மாறி வந்த ஒரு குவார்ட்டர்பேக்கை மதிப்பிட்ட நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் நடுத்தர நிலையில் உள்ள ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆட்ட வீடியோக்களை அலசிச் சொல்வது என் வேலை. புள்ளியியல் படிக்க இங்கே வந்தவன், வீடியோ அறையில் சம்பளமில்லாத உதவியாளாக நுழைந்து அங்கேயே தங்கிவிட்டேன். இதில் வருவது 2023 டிசம்பருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையே எங்கள் அணியில் நடந்தது. அணியின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். அந்த ஆட்டக்காரரிடம் என்ன எழுதப் போகிறேன் என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். "சாக் கணக்கையும் போடுங்கள், மறைக்க வேண்டாம்" என்றார்.

பின்னணி

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். குவார்ட்டர்பேக் என்பவர் கையில்தான் ஒவ்வொரு நகர்வின் ('பிளே') தொடக்கத்திலும் பந்து வந்து சேரும். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது, எதிரணி எந்தப் பக்கமிருந்து பாயும் என்பதையெல்லாம் மூன்று விநாடிக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும். அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பருத்த ஆட்கள்தான் அவருக்கு அரண். அவர்கள் அரணைத் தாண்டி எதிரணி வந்து, பந்தை எறியும் முன்பே அவரைச் சாய்த்துவிட்டால் அது 'சாக்'.

முன்பெல்லாம் கல்லூரி மாறுகிற ஆட்டக்காரர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில், மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பதிவேடு வந்தது. 2021இல் ஒரு தடவை மட்டும் உட்காராமலே மாறலாம் என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் வழி பிறந்தது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை தடவையும் மாறலாம் என்றாகிவிட்டது. அந்த வருடங்களில் டிசம்பர் மாதம் எங்களுக்குச் சந்தை மாதமாக இருந்தது.

2023 டிசம்பர் 4ஆம் தேதி அந்தப் பருவத்துக்குப் போர்ட்டல் திறந்த அன்று காலையே எங்கள் முதல் குவார்ட்டர்பேக் தன் பெயரைப் பதிந்துவிட்டார். பெரிய அணி ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தவர் ஒரு முதலாண்டு மாணவர். ஒரு ஆட்டத்திலும் முதல் ஆளாக இறங்கியதில்லை. அரண் வரிசையில் நான்கு பேருக்கும் எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் இரண்டு பேருக்கும் அடுத்த பருவம்தான் கடைசி. புதியவர்கள் கையெழுத்திடும் முதல் நாள் டிசம்பர் 20. ஆக, ஆளைத் தேட எங்களுக்குக் கிடைத்தது பதினாறு நாள்.

அந்த வாரக் கடைசியில்தான், டிசம்பர் 9 அன்று, ஜேடன் டேனியல்ஸுக்கு, வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது கொடுத்தார்கள். அரிசோனா ஸ்டேட்டிலிருந்து லூசியானா ஸ்டேட்டுக்கு (எல்எஸ்யூ) மாறி வந்தவர் அவர். 2017 முதல் 2023 வரையிலான ஏழு ஹெய்ஸ்மன் விருதுகளில் ஐந்து, கல்லூரி மாறிய குவார்ட்டர்பேக்குகளுக்கே போயின: பேக்கர் மேஃபீல்ட், கைலர் மர்ரி, ஜோ பர்ரோ, கேலப் வில்லியம்ஸ், டேனியல்ஸ். எங்கள் கூட்ட அறையில் இந்த ஐந்து பெயர்களும் அந்த வாரம் எத்தனை தடவை அடிபட்டன என்று கணக்கில்லை. தோற்றுப்போய் மறக்கப்பட்ட நூற்றுக்கணக்கான டிரான்ஸ்ஃபர்களை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது நினைவுக்கு வருவதுமில்லை.

வீடியோவில் பார்த்தது

இரண்டு பேரைக் குறித்து வைத்தோம். ஒருவர் பெரிய அணியின் பெஞ்சில் இருந்த இளையவர். மூன்று வருட ஆட்டத் தகுதி பாக்கி, ஆட்ட அனுபவம் சொற்பம். மற்றவர் எங்களைப் போன்ற இன்னொரு அணியில் ஒன்றரைப் பருவம் முதல் ஆளாக ஆடி, பிறகு இடத்தை இழந்தவர். பட்டம் முடித்துவிட்டார், ஒரே வருடத் தகுதி. இந்த ஆய்வு இவரைப் பற்றியது.

அவர் எறிந்த பந்து ஒவ்வொன்றையும் இரண்டு கோணத்தில் பார்த்தேன். பக்கவாட்டு உயரத்திலிருந்து ஒரு தடவை, குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கமிருந்து ஒரு தடவை. அறிக்கையில் மூன்று விஷயங்களை முன்வைத்தேன்.

முதலாவது, எறிந்த பந்துகளில் எத்தனை கைசேர்ந்தன என்ற சதவீதம். அது நன்றாகவே இருந்தது. ஆனால் பெரும்பகுதி, நகர்வு தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே பக்கவாட்டில் நிற்பவருக்குத் தட்டிவிடும் பந்துகள். அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, சாக். கல்லூரிக் கணக்குமுறையில் ஒரு விசித்திரம் உண்டு. சாக்கில் இழந்த தூரத்தைக் குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். எறிதல் கணக்கு பளபளவென்று அப்படியே இருக்கும். அவருடைய ஆட்டத் தாள்களில் ஓட்ட வரிசையில் அடிக்கடி கழித்தல் குறி தென்பட்டது. வீடியோவைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. முதலில் பார்க்கும் ரிசீவர் மூடப்பட்டிருந்தால் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். இது அரணின் குறையைக் காட்டிலும் எறிபவரின் பழக்கமாகவே பெரும்பாலும் இருக்கும், சட்டை மாறினாலும் கூடவே வரும் என்று எழுதினேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் பட்டது. மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் பந்தை வைக்கும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி இருக்கும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். எனவே கல்லூரியில் பந்து இடது கோட்டில் இருக்கும்போது வலது விளிம்புக்கு 100 அடி குறுக்கே எறிய வேண்டும். கையில் உண்மையான வேகம் இருக்கிறதா என்பது அந்த எறிதலில் தெரியும். பந்து மிதந்தால் எதிரணி பறித்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓடிவிடும். ஒன்றரைப் பருவ வீடியோவில் அவர் அப்படி எறிந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடியாததால் எறியவில்லையா, எறியச் சொல்லாததால் எறியவில்லையா? வீடியோ இதற்குப் பதில் சொல்லவில்லை. நான் 'கை பலம்: சந்தேகம்' என்று எழுதிவிட்டேன். இல்லாத சான்றைக் குறையாக எழுதிய முதல் இடம் அது.

நேரில் வந்த நாள்

டிசம்பர் நடுவில் அவர் ஒரு நாள் எங்கள் வளாகத்துக்கு வந்தார். வந்தவர் கையில் பந்தைக் கொடுத்து எறியச் சொல்லிப் பார்க்கலாமே என்று தோன்றும். முதல் பிரிவுக் கல்லூரிகள் அப்படிச் சோதனை வைக்க விதி இடம் கொடுப்பதில்லை. பேசலாம், வீடியோ போட்டுப் பேசலாம், பலகையில் வரையச் சொல்லலாம்.

தாக்குதல் பயிற்சியாளர் மார்க்கரைக் கொடுத்து, "உனக்கு ரொம்பப் பிடித்த பிளேயை வரை" என்றார். அவர் ரிசீவர்களின் ஓட்டப் பாதைகளை வரைந்த அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்த யார்டில் (ஒரு யார்டு மூன்று அடி) திரும்ப வேண்டும், எதிரணியின் எந்த ஆள் நகர்ந்தால் யாருக்கு எறிய வேண்டும் என்று அம்புக்குறி அம்புக்குறியாக, பேசிக்கொண்டே வரைந்தார். எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த அரண் பயிற்சியாளர் மெதுவாகக் கேட்டார்: "என் பையன்கள் எங்கே?"

பலகையில் அந்த ஐந்து பேர் இல்லை. ஆட்டக்காரர் சிரித்துக்கொண்டே, "சாரி, கோச்" என்று ஐந்து வட்டங்களை வேகமாகப் போட்டார். எதிரணியில் ஒருவர் கூடுதலாகப் பாய்ந்தால் யார் அவரைத் தடுப்பது என்ற கேள்விக்கு, "அங்கே அதெல்லாம் சென்டர் பார்த்துக்கொள்வார்" என்றார். சென்டர் என்பவர் அரண் வரிசையின் நடு ஆள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஐந்து வட்டம் கடைசியில்' என்று எழுதியிருக்கிறேன். அறிக்கையில் அது ஏறவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

அவருடைய பழைய அணியில் தொடர்புள்ள இரண்டு பேரிடம் தலைமைப் பயிற்சியாளர் போனில் பேசினார். உழைப்பாளி, நேரம் தவறாதவர், இடம் பறிபோனபோதும் முகம் சுளிக்காமல் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று இருவரும் சொன்னார்கள். பிற்பாடு அதில் ஒரு சொல்லும் பொய்யாகவில்லை.

எடுத்த முடிவு

இளையவரை எடுப்பதா, அனுபவசாலியை எடுப்பதா என்று இரண்டு இரவு பேசினோம். அணியில் பாதிப் பேருக்குக் கடைசிப் பருவம், அவர்களுடைய வருடத்தைப் பயிற்சிக் களமாக ஆக்கக் கூடாது என்பது தலைமைப் பயிற்சியாளரின் வாதம். நான் அதை ஏற்றேன், இன்றும் ஏற்கிறேன். என் அறிக்கை 'எடுக்கலாம்' என்றது. சாக் பழக்கமும் கை பலமும் எச்சரிக்கைகளாக இருந்தன. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பத்துக்கு எட்டு என்று ஒரு எண்ணும் போட்டிருந்தேன். கூட்டத்தில் அனைவரும் பார்த்தது அந்த எட்டைத்தான்.

அறையில் பர்ரோவின் கதையும் துணைக்கு வந்தது. ஒஹாயோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் 2018இல் எல்எஸ்யூ போனவர், 2019இல் 60 டச்டவுன் எறிந்து அணியை 15 வெற்றி, தோல்வியே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுபோனார். ஆனால் அவர் எல்எஸ்யூவில் ஆடிய முதல் வருடம் கைசேர்ந்த சதவீதம் 57.8தான். 76.3 ஆனது இரண்டாம் வருடம், புதிய பயிற்சியாளர் ஒருவர் வந்து எறிதல் முறையே மாறிய பிறகு. எங்கள் ஆளுக்கு இரண்டாம் வருடமே கிடையாது. இதை நான் அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

வசந்தகாலப் பயிற்சி

ஜனவரியில் சேர்ந்தார். வசந்தகாலத்தில் அனுமதிக்கப்படும் 15 பயிற்சிகளில் முதலாவது நாளே பந்து இடது கோட்டில், ரிசீவர் வலது விளிம்பில். அவர் எறிந்த பந்து நேர்கோட்டில் போய் ரிசீவரின் கையில் அடித்த சத்தம் மைதானத்தின் இந்தப் பக்கம் கேட்டது. இன்னொன்று, அதே இடம். மூன்றாவதும் அப்படியே. என் 'சந்தேகம்' பத்து நிமிடத்தில் தீர்ந்தது. பழைய அணி அவரிடம் அதைக் கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் தாக்குதல் பயிற்சியாளர் பாதி நேரம் 'ஹடில்' முறையில் ஆடுபவர். பதினொரு பேரும் வட்டமாகக் கூடி நிற்க, குவார்ட்டர்பேக் அடுத்த பிளேயை வாயால் சொல்ல வேண்டும். அணி நிற்கும் விதம், அரண் எந்தப் பக்கம் திரும்பும், ரிசீவர்களின் பாதை, நிலைமை மாறினால் மாற்று, எத்தனையாவது குரலுக்குப் பந்து புறப்படும் என்று ஒரே மூச்சில் பதினாலு சொல் வரும். புதியவர் ஒன்பதாவது சொல்லில் நின்றார். மறுபடி தொடங்கி மறுபடியும் நின்றார். மூன்றாவது தடவை, வட்டத்துக்குள் நின்றுகொண்டே, தலையைத் தூக்கி மைதான விளிம்பைப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. சென்டர் குனிந்து மிச்சச் சொற்களை முணுமுணுத்தார்.

ஏன் அங்கே பார்த்தார் என்று எனக்கு மாலையில்தான் புரிந்தது. அவர் இருந்த அணி ஹடில் போடாது. விளிம்பில் படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். பதினொரு பேரும் அவரவர் பங்கை அதில் பார்த்துக்கொள்வார்கள். உயர்நிலைப் பள்ளியிலும் அவருக்கு அதே முறைதான். ஆறு வருடமாக ஒரு பிளேயைக்கூட அவர் வாயால் சொன்னதில்லை. எத்தனையோ மணி நேரம் அவருடைய வீடியோவைப் பார்த்த நான், இரண்டு பிளேக்களுக்கு நடுவில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்ததே இல்லை. நாங்கள் பார்க்கும் வீடியோவில் அந்த இடைவெளியை வெட்டிவிடுவார்கள்.

ரேடியோ வந்தது

2024 ஏப்ரலில், பெரிய கல்லூரி அணிகளின் ஹெல்மெட்டில் ரேடியோ வைக்க அனுமதி வந்தது. களத்தில் ஒருவர் மட்டும் கேட்கலாம். அவர் ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். அடுத்த நகர்வைத் தொடங்குவதற்காக ஓடும் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது குரல் அறுந்துவிடும். 'இனி விளிம்பைப் பார்க்கத் தேவையில்லை, காதிலேயே சொல்லிவிடலாம், புதியவருக்கு இது வரப்பிரசாதம்' என்று அனைவரும் நினைத்தோம். சைகைகளைக் கைவிட்டு முழுக்க ஹடிலுக்கு மாறுவது என்று முடிவானது.

நடந்தது நேர்மாறு. அட்டையைப் பதினொரு பேர் பார்ப்பார்கள், ரேடியோவைக் கேட்பவர் ஒருவர்தான். காதில் விழுந்ததை மீதிப் பத்துப் பேருக்கும் அவர்தான் சொல்லியாக வேண்டும். எந்த வேலையை அவர் செய்ததே இல்லையோ, அதன் அளவை நாங்களே இரட்டிப்பாக்கினோம். அவருக்காக என்று நினைத்துச் செய்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

முதல் நான்கு ஆட்டங்கள்

ஒரு வெற்றி, மூன்று தோல்வி. 15 சாக். அடுத்த நகர்வைத் தொடங்க நேரம் கடந்ததற்கான ஐந்து யார்டு தண்டனைகள் ஏழு. முதல் பாதி முடியும் முன்பே டைம்-அவுட்டுகள் தீர்ந்தன. இந்த நான்கில் இரண்டு எங்களைவிடப் பல மடங்கு பெரிய அணிகளுடன் நடந்தவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் தண்டனைகள் எதிரணியின் பலத்தால் வந்தவை அல்ல.

நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு அவரோடு தனியாக உட்கார்ந்தேன். ஹடிலில் பிளே சொல்லிப் பழக்கமில்லை என்று தெரியுமென்றால் டிசம்பரிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் பதில் இது: "நீங்கள் யாரும் கேட்கவில்லை. போர்ட்டலில் நிற்கிறவன் தனக்குத் தெரியாததைத் தானாக எடுத்துச் சொன்னால் அடுத்த போன் வராது."

இடைவெளி வாரமும் அதன் பிறகும்

ஐந்தாவது வாரம் எங்களுக்கு ஆட்டம் இல்லை. எல்லா பிளேக்களையும் நான் இரண்டாகப் பிரித்தேன், ஹடில் போட்டுத் தொடங்கியவை, போடாமல் அவசரமாக ஆடியவை என்று. அவசர ஆட்டத்தில் அவர் வேறு ஆள். பந்து கையைவிட்டுச் சீக்கிரம் போனது, சாக் ஏறக்குறைய இல்லை. முந்தைய பத்து விநாடிகளில் சொற்களோடு மல்லுக்கட்டாததால், எதிரணி நிற்கும் விதத்தைப் பார்க்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. பந்தை வைத்துக்கொண்டு நிற்கும் பழக்கம் என்று நான் எழுதியது ஓரளவு உண்மை. மீதி, தலைக்குள் இருந்த நெரிசல்.

மூன்று மாற்றங்கள் செய்தார்கள். பிளேக்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள். மீதியை எண் போட்டு மணிக்கட்டுப் பட்டையில் அச்சிட்டு அவர் கையில் கட்டினார்கள். ரேடியோவில் எண் மட்டும் வரும், அவர் பட்டையைப் பார்த்துப் படிப்பார். அரணுக்கான குரலைச் சென்டரிடம் ஒப்படைத்தார்கள். கடைசியானதைத் தாக்குதல் பயிற்சியாளர் மனமில்லாமல்தான் விட்டுக்கொடுத்தார். குவார்ட்டர்பேக் முழுப் பொறுப்பையும் சுமக்க வேண்டும் என்பது அவர் இருபது வருடமாக நம்பிய ஒன்று. அரண் பயிற்சியாளர் பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார்.

அடுத்த எட்டு ஆட்டங்களில் நான்கு வெற்றி, 14 சாக். நேரத் தண்டனை ஒன்றுதான். மொத்தம் 12 ஆட்டத்தில் ஐந்து வெற்றி. பருவத்துக்குப் பிந்தைய பவுல் ஆட்டத்துக்கு ஆறு வேண்டும், ஒன்று குறைந்தது. கடைசி ஆட்டம் முடிந்து அரண் வரிசையின் நான்கு பேர் தோள்பட்டைக் கவசத்தைக் கழற்றாமல் நெடுநேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கடைசி வருடத்தைக் காக்கத்தான் இந்த முடிவையே எடுத்தோம்.

நாங்கள் விட்டுவிட்ட இளையவர் வேறோர் அணியில் சேர்ந்து அந்தப் பருவம் பெஞ்சில் கழித்தார். எனவே ஆளைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். எடுத்த ஆளை ஆகஸ்ட்டுக்குள் புரிந்துகொள்ளாததே தவறு. இடைவெளி வாரத்தில் செய்தது எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே செய்திருக்கலாம். அந்தச் சென்டர் முதல் நாள் காலையே மிச்சச் சொற்களை முணுமுணுத்துக் காட்டிவிட்டார்.

இப்போது மாற்றியிருப்பவை

என் அறிக்கையில் ஒற்றை எண் இப்போது கிடையாது. அந்த இடத்தில் மூன்று பத்திகள் உண்டு: செய்ததைப் பார்த்தேன், செய்ய முயன்று தவறியதைப் பார்த்தேன், செய்யச் சொல்லப்பட்டதே இல்லை. முன்பு நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். ஹாஷ் கோட்டு எறிதலும் மூன்றாம் பத்திக்குரியது, ஹடிலும் மூன்றாம் பத்திக்குரியது. ஒன்று எங்களுக்குச் சாதகமாக முடிந்தது, ஒன்று பாதகமாக. முன்கூட்டி எது எப்படி முடியும் என்று தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெட்டாத முழு ஒளிபரப்பையும் பார்க்கிறேன், குறைந்தது மூன்று ஆட்டம், பிளேக்களுக்கு நடுவில் உள்ள நேரத்துக்காகவே. வருகிறவரிடம் காலையில் ஒரு நீண்ட பிளேயைச் சொல்லி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். பந்தைத் தொடாத பேச்சுதான் என்பதால் விதிக்கு முரணில்லை. அரண் பயிற்சியாளர் இப்போது முன் வரிசையில் உட்காருகிறார்.

2024 டிசம்பரில் மறுபடி குவார்ட்டர்பேக் தேட வேண்டியிருந்தது. வந்தவர் பாலைவன மாநிலம் ஒன்றில் மூன்று வருடம் ஆடியவர். பலகைக்குப் போனதும் கேட்காமலே ஐந்து வட்டங்களை முதலில் போட்டார், மதியம் பிளேயைத் தப்பில்லாமல் சொன்னார். அவர் பெயருக்கு எதிரே மூன்றாம் பத்தியில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். முதல் வரி: மழையில் ஈரப் பந்தை எறிந்து பார்த்ததில்லை.